குடவோலை முதல் நான்கிலக்கம் வரை: சிங்கப்பூரில் வாய்ப்பின் பரவல்கள்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப் பெயர் பெற்ற வட்டாரத்தைத் தமிழர்கள் இன்றும் தேக்கா என்றே வழங்குகின்றனர். அங்குச் சிராங்கூன் சாலையை ஒட்டிச் செல்லும் சாலையொன்றுக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்பது பெயர். அச்சாலையில் இன்று உணவகங்களும் வழிபாட்டு இல்லங்களும் உள்ளன, குதிரைகள் இல்லை. 1842ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர் விளையாட்டுக் கழகம், ஃபேரர் பார்க் பகுதியில் அமைத்த குதிரைப் பந்தயத் திடலே அப்பெயருக்குக் காரணமாகும். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவிற்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் இறுதிப் பந்தயம் நடைபெற்று, 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரலாறு முற்றுப்பெற்றது. ஆயினும், 1960களில் குதிரைப் பந்தயக் கழகத்தின் வழியாகப் பொதுமக்களிடம் பரவிய நான்கிலக்கப் பந்தயம் மறைந்துவிடவில்லை. 'நாலு நம்பர்' என்று நம்மவர்கள் அழைக்கும் அப்பந்தயச் சீட்டை வாங்குவதற்குக் குலுக்கல் நாள்களில் மக்கள் வரிசையில் நிற்பதைத் தேக்காவிலும் தீவின் பிற பகுதிகளிலும் காணலாம்.

புள்ளியியல் பாடநூல்கள் நிகழ்தகவுப் பரவல்களைச் சீரான பரவல், ஈருறுப்புப் பரவல், பெருக்குப் பரவல், பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல் என வரிசைப்படுத்திச் சூத்திரங்களோடு அறிமுகம் செய்கின்றன. அவ்வரிசையில் முதலில் நிற்கும் சீரான பரவல் மிக எளியது என்பதே பொதுவான எண்ணம். ஒவ்வொரு விளைவுக்கும் ஒரே அளவு வாய்ப்பு. கணக்கும் வகுத்தலோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வரலாற்று நோக்கில் காணுமிடத்து, இப்பரவலே மிகுந்த உழைப்பைக் கோருவது என்பது நம் கருத்து. சமூகத்தில் சமவாய்ப்புத் தானாகத் தோன்றுவதில்லை. யாரேனும் விதி வகுத்து, சாட்சி வைத்து, ஏமாற்றுவோரின் கையைக் கட்டி அதனை உண்டாக்க வேண்டியுள்ளது. சிங்கப்பூரின் எண் பந்தய வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. அதற்கு முன்னர்த் தமிழக வரலாற்றில் நன்கறியப்பட்ட ஒரு சான்றை இந்நோக்கில் மீண்டும் படித்தல் வேண்டும்.

குடத்தில் இட்ட ஓலை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. இவற்றை மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாகப் போற்றுவோர் பலர். போற்றுதலை ஒருபுறம் வைத்துவிட்டு, செயல்முறையை மட்டும் காண்போம்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலையில் எழுதப்பட்டு, குடும்பின் பெயர் தாங்கிய வாயோலையுடன் கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையார் அனைவரும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்க, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுத்தான். அக்கட்டின் ஓலைகள் வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலைக்கப்பட்டன. அவற்றுள் ஓர் ஓலையைச் சிறுவன் எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றான். பின்னர் அவன் பெயரைப் படிக்க, அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படித்தனர்.

இந்நடைமுறையில் வீணான செயல் ஒன்றேனும் இல்லை. சிறுவன் ஏன்? எழுத்தையும் ஆளையும் தொடர்புபடுத்திச் சார்பு காட்ட இயலாதவன் என்பதால். விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? உள்ளங்கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்க இயலாமற் செய்வதற்கு. குலைத்தல் ஏன்? எழுதி அடுக்கிய வரிசை எடுக்கும் வரிசையாகிவிடக் கூடாது. ஒரு குடும்பில் n பெயர்கள் இருப்பின் ஒவ்வொருவர்க்கும் 1/n வாய்ப்பு என்னும் சீரான பரவலை, அச்சொல் இல்லாமலேயே, அச்சபை கையால் செய்துவிட்டது.

இங்கு ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். ஐந்து பேர் தகுதியுடைய குடும்பில் ஒருவருக்குக் கிட்டும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இருபது பேர் உள்ள குடும்பில் இருபதில் ஒன்று. ஆகவே சமம் என்பது குடும்பினுள் மட்டுமே இருந்தது. குடும்புகளுக்கிடையே சமமாக்கப்பட்டது இடங்களின் எண்ணிக்கை. இக்காலப் புள்ளியியலார் அடுக்குமுறை மாதிரி எடுத்தல் என அழைப்பதற்கு இஃது ஒப்பாகும். மேலும், கால் வேலி இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதப் பயிற்சி முதலிய தகுதிகளைக் கடந்தோர் பெயரே குடத்தை அடைந்தது. பிரமதேயத்தின் நிலக்கிழார்க்கு உரிய சமவாய்ப்பு அது. நிலத்தை உழுதவன் பெயருக்கு ஓலை இல்லை.

சொல் செய்த மயக்கம்

தமிழகப் பாடநூல்கள் ஆங்கிலத்தில் 'ரேண்டம்' எனப்படுவதைச் 'சமவாய்ப்பு' என மொழிபெயர்க்கின்றன. இலங்கைத் தமிழர் அதனை 'எழுமாறு' என்பர். தமிழகத்தார் பரவல் என்பதை இலங்கையார் பரம்பல் என்கின்றனர். இயல்நிலைப் பரவல் அங்குச் செவ்வன் பரம்பல் ஆகிறது. கணிதம் ஆங்கிலவழியில் மட்டுமே கற்பிக்கப்படும் சிங்கப்பூரில் இவ்விரு மரபுகளில் எதற்கும் வகுப்பறை இல்லை. தமிழ்வழிக் கல்விக்கு நெடுநாள் இடமளித்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது.

இரு மரபுகளுள் எதனைத் தெரிவது என்பது வெறும் சுவை பற்றிய வினா அன்று. சமவாய்ப்பு என்னும் சொல், எழுந்தமானமாக நிகழ்வன யாவும் சம வாய்ப்புடையன என்ற தவறான எண்ணத்தைத் தன்னுள் சுமந்து வருகிறது. பகடையில் ஆறு முகங்களுக்கும் சம வாய்ப்பு என்பது சரி. இரு பகடைகளை உருட்டிக் கூட்டினால் ஏழு ஆறு வழிகளிலும் பன்னிரண்டு ஒரே வழியிலும் வரும். இரண்டும் எழுமாறே, வாய்ப்போ சமமன்று. இவ்விடத்தில் எழுமாறு என்பதே பொருத்தமான சொல் என்பது நம் துணிபு. இக்கட்டுரையில் சமவாய்ப்பு என்பதை உண்மையிலேயே வாய்ப்புகள் சமமாக உள்ள இடத்திற்கு மட்டும் ஆள்கிறோம்.

தெரிந்தெடுத்த எண்ணும் குலுக்கிய எண்ணும்

சிங்கப்பூரில் சூதாட்டத்தின் மீதான அரசின் நிலைப்பாடு தொடக்கத்திலேயே தடுமாறியது. 1823இல் ராஃபிள்ஸ் சூதாட்டத்தைத் தடை செய்தார். அதே ஆண்டில் பொறுப்பேற்ற கிராஃபர்ட் சூதாட்டக் குத்தகையை மீண்டும் கொணர்ந்தார். அரசின் வருவாயில் அது பெரும்பங்கு வகித்தது. 1829இல் குத்தகை ஒழிக்கப்பட்டது. சூது ஒழியவில்லை; மறைவிடம் தேடிச் சென்றது.

அவ்வாறு மறைவில் வளர்ந்தவற்றுள் சாப் ஜி கீ என்னும் சீனப் பந்தயம் நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. ஹொக்கியன் மொழியில் பன்னிரண்டைச் சுட்டும் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றிய அப்பந்தயம் 1970கள் வரை வீடு வீடாகப் பணம் திரட்டுவோர் மூலம் நடைபெற்றது. இல்லத்தரசிகள் பெருமளவில் பங்கேற்றனர். பன்னிரண்டில் ஒன்றின் மீது பணம் வைக்க வேண்டும். வென்றால் வைத்ததைப் போல் 10 மடங்கு. பன்னிரண்டும் சமவாய்ப்புடையன எனக் கொள்வோமாயின், ஒரு வெள்ளிக்கு எதிர்பார்ப்பு மதிப்பு 10/12, அதாவது ஏறத்தாழ 83 காசு.

இக்கணக்கில் உள்ள பிழை 'கொள்வோமாயின்' என்னும் சொல்லில் உள்ளது. வெல்லும் சீட்டைக் குலுக்கி எடுக்கும் வழக்கம் அங்கில்லை. பந்தயத்தை நடத்துபவரே அதனைத் தெரிந்தெடுத்தார். எந்தச் சீட்டின் மீது எவ்வளவு பணம் விழுந்துள்ளது என்பதை அறிந்தபின் தெரிந்தெடுக்கும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. திரண்ட பணத்தில் நூற்றுக்கு 3 மட்டுமே விழுந்த சீட்டை அவர் எடுத்தால், நூறு வெள்ளிக்கு அவர் கொடுப்பது 30 வெள்ளி. தாளில் 83 காசாக இருந்த எதிர்பார்ப்பு, கையில் 30 காசாகச் சுருங்குகிறது.

நடத்துபவரின் பேராசை மட்டுமே இதற்குக் காரணமன்று. அவரது அச்சமும் காரணம். சில நூறு பந்தயங்களை மட்டும் ஏற்கும் சிறு நடத்துநர் உண்மையாகவே குலுக்கி எடுத்தால், ஒரே நாளில் முதலையெல்லாம் இழக்க நேரிடும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மூலதனம் அவரிடம் இல்லை. சமவாய்ப்பு என்பது பெருமூலதனம் உடையோர்க்கே கட்டுப்படியாகும் நேர்மை என்னும் உண்மை இங்குப் புலனாகிறது.

1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்ததன் நோக்கம் இத்தகைய சட்டவிரோதப் பந்தயங்களைக் கட்டுப்படுத்துவதே. அடுத்த மாதமே டோட்டோ குலுக்கல் தொடங்கியது. 1973இல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கின் கட்டுமானத்திற்கும் குலுக்கல் பணம் உதவியது. எந்திரம், எண்ணிட்ட பந்துகள், சாட்சிகள், வெளியிடப்படும் முடிவுகள் என அமைந்த இந்நடைமுறை, விரித்த விரல்களையும் எழுத்தறியாச் சிறுவனையும் நினைவூட்டுவது இயல்பே.

நான்கிலக்கப் பந்தயத்தில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுவன 23. 'பெரிது' எனப்படும் வகையில் ஒரு வெள்ளி வைத்தால் முதற்பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, அடுத்த பத்து எண்களுக்கு 250, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்கு 60. இவற்றைக் கூட்டினால் 6,590; பத்தாயிரத்தால் வகுத்தால் 65.9 காசு. 'சிறிது' வகையில் முதல் மூன்று பரிசுகள் மட்டுமே: 3,000, 2,000, 800, எதிர்பார்ப்பு மதிப்பு 58 காசு. நேர்மையான குலுக்கலில் கிடைப்பது, ஏமாற்றுப் பந்தயம் தாளில் காட்டிய 83 காசைவிடக் குறைவு! நம்பகத்தன்மைக்கு வாடிக்கையாளர் கொடுத்த விலை எவ்வளவு என்பதை இவ்வேறுபாட்டிலிருந்து ஒருவாறு உய்த்துணரலாம். சூதை அறத்தின் நோக்கில் கண்ட வள்ளுவரும் ஆதாயத்தையும் இழப்பையும் எண்களாலேயே ஒப்பிட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

வாங்குவோரும் விற்போரும் நடத்துவோரும்

சீரான பரவல் ஒன்றே மூலம். எனினும் அதனை எங்கிருந்து காண்கிறோம் என்பதற்கேற்ப வெவ்வேறு பரவல்கள் தோன்றுகின்றன.

வாங்குபவர் காண்பது காத்திருப்பை. முதல் வெற்றி வரை எத்தனை முறை முயல வேண்டும் என்பதைப் பெருக்குப் பரவல் கூறுகிறது. முதற்பரிசுக்குச் சராசரி பத்தாயிரம் குலுக்கல்கள். வாரத்திற்கு மூன்று குலுக்கல் எனில் ஏறத்தாழ 64 ஆண்டுகள். இருபது வயதில் தொடங்கி ஒரு குலுக்கலும் விடாமல் ஓர் எண்ணை வாங்குபவர் எண்பத்து நான்கை எட்டுவார். அப்போதும் நூற்றில் 37 பேர் முதற்பரிசை ஒருமுறையேனும் கண்டிருக்கமாட்டார். இப்பரவலின் கொடுமை அதன் மறதியில் உள்ளது. 9,000 முறை தோற்றவருக்கும் இன்று தொடங்குபவருக்கும் அடுத்த குலுக்கலில் வாய்ப்பு ஒன்றே. 'இத்தனை நாள் வரவில்லை, இனி வந்தே தீர வேண்டும்' என்னும் நம்பிக்கைக்குப் பந்துகளிடம் நினைவில்லை.

விற்கும் கடைகளின் நிலை வேறு. சில கடைகள் அதிர்ஷ்டக் கடைகள் எனப் பெயர் பெற்று நீண்ட வரிசைகளை ஈர்க்கின்றன. ஒரே அளவு விற்கும் 300 கடைகளும், அவற்றிடையே எழுமாறாக விழும் 300 பெரும்பரிசுகளும் உள்ளனவாகக் கற்பனை செய்வோம். கடைக்கு ஒன்று என்பது சராசரி. ஆயினும் 1837இல் பாய்சான் வெளியிட்ட பரவலின்படி ஏறத்தாழ 110 கடைகளுக்கு ஒரு பரிசும் இராது. 110 கடைகளுக்கு ஒன்று. 55 கடைகளுக்கு இரண்டு. 18 கடைகளுக்கு மூன்று. ஐந்தாறு கடைகள் நான்கோ அதற்கு மேலோ பெற்றிருக்கும். தெய்வமும் வாஸ்துவும் தலையிடாமலேயே அவ்வைந்தாறு கடைகள் தோன்றிவிடும். பின்னர் அவற்றின் முன் வரிசை நீள்கிறது, விற்பனை பெருகுகிறது, அதனால் உண்மையிலேயே பரிசுகளும் பெருகுகின்றன. வாங்கும் ஒருவரின் வாய்ப்போ அணுவளவும் மாறுவதில்லை.

எழுமாற்றில் திரள்கள் இயல்பு என்றால், எத்திரளையும் புறக்கணித்துவிடலாமா? கூடாது என்பதற்கு இந்தியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு சான்று. இந்திய மருத்துவப் பணியிலிருந்த மெக்கென்ட்ரிக், 1926இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் இந்தியக் கிராமத்தின் காலரா விவரங்களை ஆராய்ந்தார். மொத்தம் 223 வீடுகள். 168 வீடுகளில் எவருக்கும் நோயில்லை. 32 வீடுகளில் ஒருவர், 16 வீடுகளில் இருவர், 6 வீடுகளில் மூவர், ஒரு வீட்டில் நால்வர் நோயுற்றனர். நோயுற்ற 86 பேர் 223 வீடுகளிலும் எழுமாறாக விழுந்திருப்பின், ஒருவர் மட்டும் நோயுற்ற வீடுகள் ஏறத்தாழ 58 இருந்திருக்க வேண்டும். இருந்தவை 32. பாய்சான் பரவல் பொருந்தவில்லை.

நோயில்லாத வீடுகளை விலக்கிவிட்டு, எஞ்சிய எண்களுக்குப் பொருந்தும் பாய்சான் பரவலை மெக்கென்ட்ரிக் தேடினார். நோய்க்கு ஆட்பட்டவை ஏறத்தாழ 93 வீடுகள் என்னும் விடை கிடைத்தது. அவ்வாறாயின் எதிர்பார்க்கப்படுவன: நோயில்லா வீடுகள் 37, பிறவற்றில் முறையே 34, 16, 5, 1. காணப்பட்ட 32, 16, 6, 1 என்பவற்றோடு இவை வியப்பூட்டும் அளவு ஒத்துள்ளன. எஞ்சிய 130 வீடுகளை நோய் நெருங்கவே இல்லை. நோய்க்கிருமி கலந்த கிணற்று நீரைக் குடியாதவர்கள் அவர்கள் எனப் பொருள் கொள்ளலாம். ஊருக்கு எத்தனை கிணறு, யார் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்பது இந்தியக் கிராமத்தில் சமூக வினாவும் ஆகும். பரவல் அதற்கு விடை கூறவில்லை. எங்கே வினவ வேண்டும் என்பதைக் காட்டியது.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். நடத்தும் நிறுவனத்தின் இடத்திலிருந்து காண்பது இயல்நிலைப் பரவல். 1733இல் தெ மோய்வர், ஈருறுப்புப் பரவலின் எல்லையாக இம்மணி வடிவ வளைவைக் கண்டார். ஒருவர்க்கொருவர் தொடர்பின்றி 'பெரிது' வகையில் பத்து இலட்சம் ஒரு வெள்ளிப் பந்தயங்கள் வைக்கப்பட்டால், கொடுக்க வேண்டிய பரிசு சராசரி 6,59,000 வெள்ளி. திட்ட விலக்கம் ஏறத்தாழ 24,300. வசூலான பத்து இலட்சத்தை மிஞ்சிக் கொடுக்க நேர்வது நடைமுறையில் இல்லாத ஒன்று. ஆயிரம் பந்தயங்களை மட்டும் ஏற்பவருக்கோ சராசரி 659, திட்ட விலக்கம் 768. சாப் ஜி கீ நடத்துநரின் அச்சத்தை இவ்விரு எண்களும் விளக்கிவிடும்.

'தொடர்பின்றி' என்னும் நிபந்தனை முக்கியமானது. நம் மக்கள் எண்களைத் தொடர்பின்றித் தெரிவதில்லை. விபத்துக்குள்ளான வண்டியின் எண், இறந்தவர் வாழ்ந்த புளோக் எண், கனவில் வந்த எண், கோயில் அருள்வாக்கில் வந்த எண் எனப் பலரும் ஒரே எண்ணை நாடுகின்றனர். குலுக்கல் சீரானது, வாங்குதல் சீரானதன்று. அதனால்தான் மிகுதியாக நாடப்படும் எண் குறிப்பிட்ட அளவுக்குமேல் விற்கப்படுவதில்லை. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகள் பரவல் கோட்பாட்டை எவ்வளவு பாதிக்கும் என்பதே பின்னர்ச் சிங்கப்பூர் அறிஞர் ஒருவரின் வாழ்நாள் ஆய்வாயிற்று. ஸ்டான்ஃபர்டில் சார்லஸ் ஸ்டைனிடம் பயின்று 1971இல் முனைவர் பட்டம் பெற்ற லூயிஸ் சென், ஆசிரியரின் இயல்நிலை நெருக்க முறையைப் பாய்சான் பரவலுக்கு விரித்து 1975இல் வெளியிட்டார். நிகழ்வுகள் சிறிதளவு சார்புடையனவாயினும் பாய்சான் பரவல் எத்துணைப் பிழையுடன் பொருந்தும் என்பதை அம்முறை அளந்து கூறுகிறது. சென்-ஸ்டைன் முறை எனப்படும் அது, பின்னாளில் மரபணுத் தொடர்களை ஒப்பிடும் ஆய்வுக்குப் பயன்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் ஆய்வு நிலையத்தை 2000 முதல் 2012 வரை இயக்கியவரும் அவரே.

நினைவுள்ள குடம்

குடவோலையின் உண்மையான வாரிசைப் பந்தயக் கடைகளில் தேடுவதைவிட வீவக வீடுகளுக்கான குலுக்கலில் தேடுவதே பொருந்தும். புதிய வீடுகளுக்கு விண்ணப்பிப்போர் மிகும்போது, தேர்வு வரிசையைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்கிறது. குடியுரிமை, வருமான வரம்பு, குடும்ப அமைப்பு முதலிய தகுதிகள் முன்நிற்கின்றன. உத்திரமேரூரில் நிலமும் வயதும் நின்ற இடம் அது.

ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். வெறும் பெருக்குப் பரவலாயின், நான்கு முறை முயன்றபின்னும் நூற்றில் 32 பேர் வீடின்றியே இருப்பர். ஐந்தாம் முறையும் அவர்களுக்கு அதே நான்கில் ஒன்றுதான். திருமணத்தைத் தள்ளிவைத்துக் காத்திருக்கும் இணையருக்கு இம்மறதி பொறுக்கத்தக்கதன்று. எனவேதான் முதன்முறை வீடு வாங்குவோர்க்குக் கூடுதல் வாய்ப்புகளும், முன்னர்ப் பன்முறை முயன்று கிடைக்கப்பெறாதோர்க்கு மேலும் சில வாய்ப்புகளும் விதிகளால் வழங்கப்படுகின்றன. பெயர் ஒருமுறைக்கு மேல் குடத்தில் விழுகிறது. உத்திரமேரூர்ச் சபை இதனை எதிர்த்திசையில் செய்திருந்தது: முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவரின் பெயர் அவ்வாண்டு ஓலையில் எழுதப்படவில்லை. நான்கிலக்கக் குலுக்கலில் இத்தகைய விதி எதுவும் இல்லை.